மெட்டு ஏறும் பைக்குக்கு எந்த என்ஜின் ஆயில்?

"அண்ணே, என் வண்டி ஸ்ப்ளெண்டர். தினமும் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போறேன். மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊத்தச் சொல்றாரு. கடைக்காரரு ஃபுல் சிந்தெடிக் எடுத்துக்கங்கறாரு. ஷோரூம்ல கம்பெனி ஆயிலைத் தவிர வேற எதையும் தொடாதேங்கறாங்க. நான் யாரு சொல்றதைக் கேக்குறது?"

கூடலூர்த் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டது இது. மெட்டு என்றால் எங்கள் பக்கம் மலை ஏறும் கணவாய்ப் பாதை. கம்பம், உத்தமபாளையம், போடி, குமுளி என்று இந்தத் தேனி, இடுக்கி மலைப்பக்கத்தில் பைக் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு நேரத்தில் இந்தக் குழப்பம் வந்திருக்கும். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு வண்டியை, ஆளுக்கொரு ஓட்டத்தை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அந்தத் தம்பிக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் வண்டிகளின் பாடு சமவெளி வண்டிகளுக்குக் கிடையாது. காலையில் கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் போகிறோம். லோயர் கேம்ப்பில் மின்நிலையத்துக்கு இறங்கும் அந்தப் பெரிய தண்ணீர்க் குழாய்களைத் தாண்டிக் குமுளி ஏறுகிறோம். போடிக்காரர்களுக்குப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஆள், டேங்க் மேல் ஒரு மூட்டை, இரண்டாம் கியர், இருபது கிலோமீட்டர் வேகம். என்ஜின் முழு பலத்தோடு உழைக்கும்போது அதன் மேல் படும் காற்றோ மிகக் குறைவு. காற்றில் குளிரும் என்ஜினுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. சாயங்காலம் இறங்கும்போது கியரிலேயே பிடித்துக்கொண்டு வருகிறோம், அதுவும் என்ஜினுக்கு வேலைதான். சித்திரையில் கீழே கொளுத்தும் வெயில், மார்கழியில் மூணாறு பக்கம் உறைபனி, ஆனி ஆடியில் நாள் முழுக்க இடுக்கி மழை. இத்தனையையும் தாங்க வேண்டியது ஒரு லிட்டருக்குள் இருக்கும் அந்த ஆயில்.

## வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மேனுவலில் உள்ள க்ரேட், அதாவது ஆயிலின் தடிமனைச் சொல்லும் எண். ஸ்ப்ளெண்டருக்கும் ஹோண்டா ஷைனுக்கும் 10டபிள்யூ-30. பல்சர் 150க்கு 20டபிள்யூ-50. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்கு 15டபிள்யூ-50. அந்தந்த என்ஜினின் பேரிங் இடைவெளி, ஆயில் ஓடும் துவாரம், பம்ப் எல்லாம் அந்தத் தடிமனுக்கு ஏற்றபடி செய்தவை. பக்கத்து வீட்டு பல்சருக்கு நல்லது என்பதால் உங்கள் ஸ்ப்ளெண்டருக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

ஜாசோ முத்திரை. நம் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலில் மூழ்கியபடியேதான் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆயில் ரொம்ப வழுவழுப்பாக இருந்தால் பிடிப்பு போய்விடும். அதனால்தான் ஜப்பானியர்கள் பைக் ஆயிலுக்கென்றே 1998ல் ஜாசோ தரத்தைக் கொண்டுவந்தார்கள். கியர் உள்ள பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. இரண்டில் எம்ஏ2 கிளட்சுக்கு அதிகப் பிடிப்பு தரும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்பி. கேனின் பின்பக்கம் சின்னப் பெட்டிக்குள் இந்த எழுத்துகள் இருக்கும். அது இல்லாத கேனை பைக்குக்கு எடுக்காதீர்கள்.

ஏபிஐ எழுத்து. அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு ஆயிலுக்குத் தரும் தரக் குறி இது. எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று அகர வரிசையில் போகப் போகப் புதியது. எஸ்பி என்பது 2020ல் வந்தது. மேனுவலில் எஸ்ஜே என்று இருந்தால் எஸ்எல், எஸ்என் ஊற்றலாம். கீழே இறங்கத்தான் கூடாது. இதில் இவ்வளவு பார்த்தால் போதும்.

சூட்டில் தடிமன் நிலைக்கிறதா. ஏற்றத்துக்கு இதுதான் உயிர். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வருடச் செலவு. கேன் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். எத்தனை தடவை மாற்றுகிறோம், மாற்றுக் கூலி, ஃபில்டர், வாஷர் எல்லாம் சேர வேண்டும்.

மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்கம் கேரளத்திலும் கிடைக்கிறதா. நெடுங்கண்டத்தில் திடீரென்று டாப்-அப் தேவைப்பட்டால் அதே கேன் அங்கே கிடைக்குமா? தேனியில் ஒரே ஒரு கடையில் மட்டும் கிடைக்கும் இறக்குமதி ஆயிலை நம்பி மலை ஏற முடியாது.

## முதல் முடிவு: எந்த க்ரேட்?

'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதற்கு.

முன் எண்ணைப் பற்றி நம் ஊரில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 10டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 25 டிகிரியில், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில். மூணாறில் மார்கழி விடியலில் கூட அந்த எல்லைக்குப் பக்கத்தில் போக மாட்டோம். ஆனாலும் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டில் உள்ள கேம்ஷாஃப்ட் வரை ஆயில் ஏறுகிற முதல் சில நொடிகள் முக்கியம். அதில் 10டபிள்யூ வேகமாக ஏறும். காலையில் கிக் அடித்த உடனே ஆக்சிலேட்டரைத் திருகாமல் அரை நிமிடம் விட்டால் 20டபிள்யூவும் வந்து சேர்ந்துவிடும்.

பின் எண்ணுக்கு அளவு இருக்கிறது. 100 டிகிரியில் 30 என்பது 9.3 முதல் 12.5 வரை, 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. சென்டிஸ்டோக் என்பது இதன் அலகு. பெயரை மறந்துவிட்டாலும் பரவாயில்லை. 30 முடிகிற இடத்தில் 40 தொடங்குகிறது, 40 முடிகிற இடத்தில் 50 தொடங்குகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏனென்றால் கேனில் இருக்கும் எண் ஆயுள் முழுக்க அப்படியே இருப்பதில்லை. இரு எண் ஆயில்களில் தடிமனைத் தூக்கிப் பிடிக்க நீளமான பாலிமர் இழைகளைச் சேர்க்கிறார்கள். கார் என்ஜினில் அவை ஓரளவு பத்திரமாக இருக்கும். பைக்கில் அதே ஆயில்தான் கியர் பற்களுக்கு நடுவிலும் நசுங்குகிறது. பற்கள் அந்த இழைகளை வெட்டி வெட்டிப் போட, 50 என்று ஊற்றியது சில ஆயிரம் கிலோமீட்டரில் 40 ஆகிவிடும், 40 ஊற்றியது 30 ஆகிவிடும். ஆயில் மாற்றிப் பல மாதம் ஆன வண்டியில் கியர் டக்கென்று விழாமல் கரகரவென்று விழுவதற்கும், ஏற்றம் முடிந்து நியூட்ரல் தேடினால் கிடைக்காமல் போவதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

இதில் கேனில் எழுதாத இன்னொன்று உண்டு. இரண்டு எண்ணுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் இழைகளும் அதிகம் தேவைப்படும். 20டபிள்யூ-40ஐச் சாதா மினரல் அடிப்படை ஆயிலிலேயே ஓரளவு நன்றாகச் செய்துவிடலாம். 10டபிள்யூ-40, 15டபிள்யூ-50 போன்றவற்றை மினரலில் செய்தால் இழைகளை நிறையப் போட வேண்டும், அவை சீக்கிரம் வெட்டுப்படும். ஆகவே உங்கள் வண்டி கேட்பது அகல இடைவெளி க்ரேட் என்றால் செமி சிந்தெடிக்குக்குக் கீழே போகாதீர்கள் (இந்த வகைகளை அடுத்த பகுதியில் சொல்கிறேன்).

10டபிள்யூ-30: எப்போது சரி? மேனுவல் அதைச் சொல்லும் எல்லா வண்டிக்கும், மெட்டு ஏறினாலும். மைலேஜ் நன்றாக வரும், ஸ்டார்ட்டிங் சுலபம். மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு: 30ல் இருந்து தேய்ந்தால் கீழே அதிக இடமில்லை. ஆகவே மலை ஓட்டக்காரர்கள் மாற்றும் நாளைத் தள்ளிப்போடக் கூடாது.

20டபிள்யூ-40: எப்போது சரி? மேனுவலில் அனுமதி உள்ள பழைய வண்டிகளுக்கு. பல வருடம் ஓடி, பிஸ்டன் ரிங் தளர்ந்து, ஆயில் குடிக்க ஆரம்பித்த வண்டிக்கு, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யும் வரை ஒரு படி தடிமனாக ஊற்றிச் சமாளிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். புகை கொஞ்சம் குறையும், சத்தமும் குறையும். ஆனால் வியாதி உள்ளேயேதான் இருக்கும்.

20டபிள்யூ-50: எப்போது சரி? அதற்கென்றே செய்த என்ஜினுக்கு. கூடலூர்த் தம்பியின் ஸ்ப்ளெண்டரில் இதை ஊற்றினால் சூடு தாங்கும் என்பது பாதி உண்மை. சூட்டில் படலம் தடிமனாக நிற்கும் என்பது சரி. ஆனால் தடித்த ஆயிலைத் தள்ளவே பம்புக்குப் பலம் போகும், சின்னத் துவாரங்களில் மெதுவாக ஓடும், இழுவை குறையும், பெட்ரோல் கூடும். சூட்டைச் சுமந்து வந்து வெளியே விடுவதும் ஆயிலின் வேலைதானே. மெதுவாக ஓடினால் அந்த வேலையும் மந்தமாகும். புது ஸ்ப்ளெண்டரில் இதை ஊற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

## இரண்டாவது முடிவு: மினரலா, செமியா, ஃபுல் சிந்தெடிக்கா?

க்ரேட் முடிவான பிறகுதான் இந்தக் கேள்வி. பலர் இதை முதலில் கேட்கிறார்கள்.

மினரல் ஆயில். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துக் கிடைப்பது. மூலக்கூறுகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். அதிகச் சூட்டில் சிறியவை ஆவியாகும், மிச்சம் கறுத்துத் தடித்துப் பிசுபிசுப்பாகும். ஆனால் சீக்கிரம் மாற்றிவிட்டால் இந்தக் குறை எதுவும் என்ஜினைத் தொடாது. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இதுதான் என் முதல் தேர்வு. பள்ளிக்கூடம், சந்தை, திராட்சைத் தோட்டம் என்று ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர் ஓடும் வண்டியில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிதலில் உண்டாகும் நீராவி ஆவியாகிப் போகாமல் ஆயிலில் கலந்து நிற்கும். மழைக்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் போல வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அந்த ஈரம் ஃபுல் சிந்தெடிக்கையும் விடாது. விலை உயர்ந்த ஆயிலை ஆறு மாதத்தில் வடிப்பதைவிட விலை குறைந்ததை ஆறு மாதத்தில் வடிப்பது நல்லது.

செமி சிந்தெடிக். மினரலும் சிந்தெடிக்கும் கலந்தது. எத்தனை பங்கு என்று கேனில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லாததால் ஒரு செமிக்கும் இன்னொரு செமிக்கும் நிறைய வித்தியாசம் இருக்கலாம். அது இதன் பெரிய குறை. ஆனாலும் தினமும் மெட்டு ஏறும் 100 முதல் 160 சிசி வண்டிகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். மினரலைவிடச் சூட்டில் நிதானமாக நிற்கும், தடிமன் மெதுவாகத்தான் குறையும், விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. குமுளியிலும் கம்பத்திலும் நல்ல நிறுவனங்களின் கேன் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஃபுல் சிந்தெடிக். மூலக்கூறுகள் ஒரே அளவில் சீராக இருக்கும்படி தயாரித்தது. சூட்டில் ஆவியாவது குறைவு, குளிரில் ஓட்டம் நல்லது, கசடு கட்டுவது குறைவு. 'சிந்தெடிக்' என்ற ஒரே சொல்லுக்குள் கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்த குரூப் 3 வகையும் இருக்கிறது, ரசாயன முறையில் கட்டி எழுப்பிய குரூப் 4 வகையும் இருக்கிறது. இரண்டும் ஒரே விலைப்பலகையில் நிற்கும். எந்த வகை என்று எழுதாத கேன் பெரும்பாலும் குரூப் 3 என்று எடுத்துக்கொள்வேன். நம் வேலைக்கு அதுவே தாராளம்.

இது யாருக்கு? கேடிஎம் டியூக் மாதிரி வேகமாகச் சுற்றும் என்ஜின்காரர்களுக்கு. ஒரே மூச்சில் கம்பத்தில் இருந்து கோட்டயம் வரை போய்வரும் பெரிய பைக்காரர்களுக்கு. மேனுவலே இதைக் கேட்டால் வேறு யோசனையே வேண்டாம். ஆனால் ஸ்ப்ளெண்டரில் இதை ஊற்றி, "சிந்தெடிக்தானே" என்று மாற்றும் நாளைத் தள்ளிப்போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். காரணம் ஆயிலில் இல்லை, வண்டியில் இருக்கிறது. ஸ்ப்ளெண்டரில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு சல்லடையும், சுற்றும் வேகத்தில் தூசை ஓரத்துக்குத் தள்ளும் ஒரு கிண்ணமும்தான். நுண்ணிய இரும்புத் தூள் ஆயிலோடுதான் சுற்றிக்கொண்டிருக்கும். அதை வெளியே எடுக்க ஒரே வழி ஆயிலையே வடிப்பது. பல்சரில் காகித ஃபில்டர் உண்டு, அங்கே கொஞ்சம் நீட்டிப் பார்க்க நியாயம் இருக்கிறது. அதுவும் மேனுவல் சொன்ன எல்லைக்குள்.

பழைய, பல வருடம் மினரலிலேயே ஓடிய வண்டிக்குத் திடீரென்று ஃபுல் சிந்தெடிக் ஊற்றினால் கசிவு தெரியவரலாம். காய்ந்துபோன ரப்பர் சீலைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்த கசடு கரைந்துவிடும். சீல் மாற்றும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

## ஒரு வருடக் கணக்கு

கேன் விலையை லிட்டருக்கு மினரல் 400, செமி 550, ஃபுல் சிந்தெடிக் 900 ரூபாய் என்றும், மாற்றுக் கூலி 100 என்றும் வட்டமாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள். மெட்டு வண்டி வருடத்துக்கு 18,000 கிலோமீட்டர், ஊர் வண்டி 4,000 கிலோமீட்டர்.

| | மினரல் | செமி சிந்தெடிக் | ஃபுல் சிந்தெடிக் |
|---|---|---|---|
| மெட்டு வண்டி: எத்தனை கி.மீ.க்கு ஒரு தடவை | 3,000 | 4,500 | 6,000 |
| வருடத்தில் எத்தனை தடவை | 6 | 4 | 3 |
| மெட்டு வண்டி: வருடச் செலவு (ரூ.) | 3,000 | 2,600 | 3,000 |
| ஊர் வண்டி: ஆறு மாதத்துக்கு ஒரு தடவை (ரூ.) | 1,000 | 1,300 | 2,000 |
| ஏற்றச் சூடு தாங்குவது | சுமார் | நன்று | மிக நன்று |
| மறைந்திருக்கும் செலவு | அடிக்கடி பட்டறைக்குப் போகும் அரை நாள் | கலவை அளவு தெரியாது | பழைய சீல் கசிவு, போலி கேன் |
| யாருக்கு | ஊருக்குள் ஓடும் வண்டி | தினமும் மெட்டு ஏறும் 100–160 சிசி | வேக வண்டி, நெடுந்தூரம், மேனுவல் கேட்பவை |

மெட்டு வண்டிக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். கேன் விலையில் தெரிந்த பெரிய வித்தியாசம் வருடக் கணக்கில் கரைந்துவிடுகிறது. ஊர் வண்டியில் மட்டும் மினரல் தெளிவாக முன்னால் நிற்கிறது. இரண்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும் புல்லட்டுக்கு எல்லாத் தொகையையும் இரட்டிப்பாக்கி, ஃபில்டர் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மேனுவல் இதைவிடக் குறைந்த இடைவெளி சொன்னால் அதையே கேளுங்கள். இந்த அட்டவணை அதற்கு மேலே இல்லை.

## கார் ஆயில், ஜீப் ஆயில், லூஸ் ஆயில்

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் நிறைந்த ஊர் இது. ஐந்து லிட்டர் கேனில் மிச்சம் இருப்பதை பைக்குக்கு ஊற்றிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது.

ஒரு முறை அவசரத்தில் ஒரு பட்டறையில் கார் ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் கேனைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை, சமவெளியில் வண்டி முன்பைவிட வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் குமுளி ஏற்றத்தில் அந்தக் குழாய்களைத் தாண்டி வளைவில் திரும்பி ஆக்சிலேட்டர் கொடுத்தேன். சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. இன்னும் திருகினேன், என்ஜின் அலறியது, முள் பதினைந்தைத் தாண்டவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான் இறங்கி நடந்தார். பிரேக் கட்டை தீய்ந்தது போல ஒரு வாடை. அது கிளட்ச் தட்டின் வாடை. குமுளியில் ஒரு மெக்கானிக் சேட்டன் கிளட்ச் கவரைக் கழற்றிக் காட்டினார். தட்டுகளின் மேல் இருந்த கார்க் பளபளவென்று கண்ணாடி போல ஆகியிருந்தது. நகத்தால் கீறினால் கறுப்பாக வந்தது. ஆயிலை மாற்றினால் போதாது, தட்டுகளையும் மாற்ற வேண்டும் என்றார். மிச்சம் பிடித்த ஆயில் விலையைப் போல ஐந்தாறு மடங்கு அன்று போனது.

நிறையக் கார் ஆயில்களில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று வழுக்கும் சேர்மானம் போடுகிறார்கள். கேனில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் பைக்குக்கு ஆகவே ஆகாது. டீசல் ஜீப் ஆயில் வேறு வகை. அதில் சிலவற்றில் ஜாசோ எம்ஏ முத்திரையும் சேர்ந்தே இருக்கும். முத்திரையும் க்ரேட்டும் உங்கள் வண்டிக்குச் சரியாக இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

பீப்பாயில் இருந்து குவளையில் அளந்து தரும் லூஸ் ஆயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. வாங்காதீர்கள்.

## ஸ்கூட்டரும் டூ-ஸ்ட்ரோக்கும்

ஆக்டிவாவுக்கு 10டபிள்யூ-30 எம்பி. அதன் கிளட்ச் ஆயிலில் மூழ்குவதில்லை, பெல்ட் பக்கம் உலர்வாக இருக்கிறது, அதனால் வழுக்கும் ஆயில் அங்கே நல்லதுதான். அவசரத்துக்கு எம்ஏ ஊற்றினால் மைலேஜ் கொஞ்சம் குறையும், வேறு கெடுதல் இல்லை. எம்பி ஆயிலை பைக்கில் ஊற்றினால்தான் மேலே சொன்ன கதை. பின் சக்கரத்துப் பக்கம் தனியாகக் கொஞ்சம் கியர் ஆயில் இருக்கிறது, அதை மறந்துவிட வேண்டாம். பழைய டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு 2டி ஆயில், தனி கியர் ஆயில் என்று வேறு உலகம். இந்தக் கட்டுரை அவர்களுக்குப் பொருந்தாது.

## எங்கே மாற்றுவது?

வாரண்டி இருக்கும் வரை ஷோரூம். வண்டிக்கம்பெனி பெயரில் வரும் கேன் மோசமில்லை, க்ரேட்டும் முத்திரையும் தப்பாது. கூடலூர்த் தம்பியிடம் ஷோரூம்காரர்கள் சொன்னது வாரண்டி வண்டிக்கு நூற்றுக்கு நூறு சரி. கூலியும் நேரமும் அதிகம் என்பது மட்டும்தான் அங்கே பிரச்சினை.

வாரண்டி முடிந்தால் தெரிந்த மெக்கானிக். ஆயிலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அவர் கோபிக்க மாட்டார். வடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள். வண்டி சூடாக இருக்கும்போது வடித்தால்தான் கசடும் சேர்ந்து வரும். டிரெயின் போல்ட்டின் வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். போல்ட்டை நீள ஸ்பானர் போட்டு முழு பலத்தோடு இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். பத்து ரூபாய் வாஷருக்குப் பார்த்து என்ஜின் அடிப்பாகத்துக்கு மரை போடக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கேனின் சீல் வளையம் உடையாமல் இருக்கிறதா, மூடிக்கு அடியில் ஃபாயில் ஒட்டியிருக்கிறதா, பேட்ச் எண் கேன் மேலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். காலி கேனை அப்படியே பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்குரூடிரைவரால் இரண்டு குத்து குத்திவிட்டு வாருங்கள். நல்ல கேனில் போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்குக் காலி கேன்தான் முதலீடு.

வடித்த கறுப்பு ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. அதைச் சாக்கடையில் ஊற்றினால் அது வாய்க்காலுக்குப் போகிறது. பெரியாறு தண்ணீரை நம்பி 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் பள்ளத்தாக்கு இது. அந்த வயல் சோற்றைத்தான் நாம் சாப்பிடுகிறோம். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஆளிடம் கொடுக்கும் பட்டறையாகப் பாருங்கள். செயினுக்குத் தடவக் கேட்டு வாங்கி வராதீர்கள். அதில் உள்ள இரும்புத் தூள் செயினை அரைக்கும்.

## எதை ஊற்றினாலும், எவ்வளவு இருக்கிறது?

என் கண்ணெதிரே சீஸ் ஆகி, அதாவது என்ஜின் இறுகி நின்ற வண்டிகளில் தப்பான ஆயிலால் நின்றதைவிட ஆயில் குறைந்து நின்றதே அதிகம். போன வருடம் பக்கத்து வீட்டு அண்ணனின் வண்டி மெட்டு பாதியில் 'கிர்ர்' என்று இழுத்து நின்றது. நல்ல செமி சிந்தெடிக், மாற்றி நான்காயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தபோது நுனியில் ஒரு சொட்டு கூட இல்லை, வெறும் இரும்பு நீலம் பாய்ந்து கிடந்தது. தேய்ந்த ரிங் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போயிருந்தது. கீழே ஒரு சொட்டும் ஒழுகாததால் அவருக்குத் தெரியவில்லை.

சமதளத்தில் மெயின் ஸ்டாண்டு போட்டு, மூன்று நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைத்து, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்டிக்கைத் துணியால் துடைத்து, ஸ்ப்ளெண்டர், ஷைன் போன்றவற்றில் மரையைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுங்கள். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இரண்டு கோட்டுக்கு நடுவில், மேல் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மேலே போனாலும் கெடுதல்தான், ஏர் ஃபில்டருக்குள் ஆயில் ஏறிவிடும். புதிய புல்லட்டில் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, வண்டியை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் போதும்.

கூடலூர்த் தம்பிக்கு நான் சொன்னது இது: 10டபிள்யூ-30, செமி சிந்தெடிக், ஜாசோ எம்ஏ2, ஏபிஐ எஸ்என். நாலாயிரத்து ஐந்நூறில் மாற்று, மழைக்காலத்தில் மூவாயிரத்திலேயே மாற்று. ஒவ்வொரு ஞாயிறும் டிப்ஸ்டிக் பார். போன வாரம் போன் செய்தார். மூன்று ஞாயிறு பார்த்ததில் கால் கோடு இறங்கியிருக்கிறதாம். வால்வு சீலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.